பானகச் சுவர்

“இந்த வீட்டுக்கு ஏன் கதவே வைக்கல?”

கேட்டது ஹரிணி. அப்போது அவளுக்கு ஆறு வயது. அவளுடைய அப்பா முத்துக்கிருஷ்ணன் திண்டுக்கல் கல்லூரி ஒன்றில் வரலாற்றுப் பேராசிரியர். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு மாணவர்களை அழைத்து வந்தவர், மகளையும் கூட்டி வந்திருந்தார். அவள் வீடு என்று கைகாட்டியது, பழனிக்குப் போகும் பழைய பாதையோரத்தில் நின்ற ஒரு கல்மண்டபத்தை. முன்னால் நான்கு தூண்கள், மூன்று பக்கமும் சுவர், உள்ளே நீளமான ஒரு கல்தொட்டி.

மாணவர்கள் சிரித்தார்கள். பேகம்பூர்ப் பையன் முகமது யாசின், “கேக்குறது நியாயந்தான சார்? திண்டுக்கல் சீமையில பூட்டுக்கா பஞ்சம்? கதவ வச்சிருந்தா நாம பூட்டு குடுத்திருக்க மாட்டமா?” என்றான்.

முத்துக்கிருஷ்ணன் மகளைத் தூக்கிக்கொண்டார். “இது வீடு இல்லடா தங்கம். பழனிக்கு நடந்து போறவங்க தண்ணி குடிச்சிட்டு, செத்த நேரம் படுத்திருந்துட்டுப் போகக் கட்டுனது. யாரு வேணும்னாலும் வரலாம். அதான் கதவு இல்ல.”

“அப்ப ஏன் யாரும் வரல?”

பதில் கண்முன்னால் இருந்தது. பின்சுவரில் ஓர் அரசங்கன்று வேரோடி, சுவரைப் பிளந்திருந்தது. பாதிக் கற்கள் கீழே கிடந்தன. தொட்டியில் காலி பாட்டில்கள்.

முகாம் முடிந்து எல்லோரும் திரும்பினார்கள். கேள்வி மட்டும் அறிவுச்செல்வியோடு தங்கிவிட்டது. மூன்றாமாண்டு வரலாறு படிக்கும் அவளுக்கு அதுதான் சொந்த ஊர். பால்வாடிக்குப் போன நாளிலிருந்து அந்த மண்டபத்தைக் கடந்துதான் நடந்திருக்கிறாள். ஒருநாளும் அவளுக்கு அப்படிக் கேட்கத் தோன்றியதில்லை. கடவுளுக்கு நம்மிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால், பெரும்பாலும் ஒரு குழந்தையைத்தான் பேசவைக்கிறார்.

அடுத்த வாரமே அவளும் யாசினும் ஊராட்சித் தலைவர் ஒச்சாயியைப் பார்க்கப் போனார்கள். தலைவரம்மா கறாரானவர், ஆனால் நியாயமானவர்.

“அத இடிக்க ஜேசிபிக்குச் சொல்லியாச்சு” என்றார் ஒச்சாயி. “போன பூசத்துக்கு ஒரு பொம்பள கைப்புள்ளையோட அதுக்குள்ள படுத்திருந்தா. அவ எந்திரிச்சுப் போன செத்த நேரத்துல ஒரு கல்லு உருண்டு விழுந்துச்சு. சரியா அவ படுத்திருந்த எடத்துல. பழைய கல்லக் காப்பாத்தப் போயி ஒரு உசுர விடச் சொல்றியா?”

அறிவுச்செல்விக்கு அதில் மறுக்க ஒன்றும் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “வர்ற தைப்பூசத்துக்குள்ள பின்செவர நிப்பாட்டிக் காட்டுறோம் தலைவரம்மா. நிக்கலைன்னா, நானே முன்னால வந்து மொதக் கல்ல எடுத்துப் போடுறேன்.”

“பேச்சு மாறக்கூடாது.”

“மாறாது.”

வெளியே வந்ததும் யாசின், “ஏய் அறிவு, நம்ம டிபார்ட்மென்ட்டுல ஒருத்தனுக்கும் செவத்துல ஆணி அடிக்கவே தெரியாது. நீ செவரே கட்டுறேன்னுட்டு வந்திருக்க” என்றான்.

ஆனால் நல்ல காரியம் என்று ஒன்றைத் தொடங்கிவிட்டால் ஆள் சேர்வதற்குக் கஷ்டப்பட வேண்டியதில்லை. கொடைரோட்டிலிருந்து பொன்ராஜ் வந்தார். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். கல் தூக்கும்போதும் “போலாம் ரைட்” என்றுதான் சொல்வார். மண்டபத்துக்கு எதிர்வீட்டு அங்கம்மாள், வேலை நாட்களில் எல்லோருக்கும் சோறாக்கித் தருவதாகச் சொன்னாள். திண்டுக்கல்லிலிருந்து ரூபி வந்தார். பழைய தேவாலயங்களையும் கோயில் மதில்களையும் பழுதுபார்த்துப் பழகிய பொறியாளர் அவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராக மண்டபத்துக்கு வந்துவிடுவார். மாணவர்களுக்கு அவர் ரூபியக்கா.

கற்களை அடையாளமிட்டு அடுக்கி, அரசங்கன்றை வேரோடு எடுத்து ஊருணிக் கரையில் நட்ட பிறகு, ரூபி எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“சிமெண்ட் ஒரு சட்டிகூட வேண்டாம். பழைய சுண்ணாம்புச் செவரும் சிமெண்டும் ஒட்டாது. மாமியா மருமக மாதிரி.”

“ஏன், நானும் எம் மருமகளும் ஒட்டாமயா இருக்கோம்?” என்றாள் அங்கம்மாள்.

“தப்புத்தான்த்தா, மன்னிச்சுக்கங்க. எண்ணெயும் தண்ணியும் மாதிரி. போதுமா?” என்று சிரித்த ரூபி, வேப்பமரத்தடியில் இருந்த பெரிய டிரம்மைக் காட்டினார். நொறுக்கிய கடுக்காயும் வெல்லமும் அதில் தண்ணீரோடு ஊறிப் புளிக்க வேண்டும். அந்தத் தண்ணீரை விட்டுத்தான் சுண்ணாம்பையும் மணலையும் குழைக்க வேண்டும். அதுதான் சுவருக்குப் பிடிமானம். “வெல்லம் நான் போட்டதோட சரி. கூடிச்சுன்னா செவரு இறுகாது. யாரும் கை வைக்கக் கூடாது” என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஆனால் ஊரில் பேச்சு வேறு மாதிரிப் பரவியது: “பழனியாண்டவருக்கு நடக்குறவுக மண்டபத்துக்கு வெல்லம் போட்டுச் செவரு கட்டுறாகளாம்.” நம் பக்கத்து மனிதர்களுக்குப் புண்ணிய காரியம் என்றால் வெறுங்கையோடு நின்று வேடிக்கை பார்க்க வராது. கோயில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினால் ஆளுக்கொரு மஞ்சள் துண்டாவது போட்டாக வேண்டும். பொங்கல் பானை பொங்கினால் ஆளுக்கொரு பிடி அரிசியாவது போட்டாக வேண்டும்.

முதலில் போட்டது அங்கம்மாள். மருமகளுக்குத் தலைப்பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவப் போகிறவள் மாதிரி மரத்தடிக்குப் போய், டிரம்மின் மேல் கிடந்த சாக்கை விலக்கி, ஒரு அச்சுவெல்லத்தை உள்ளே விட்டு, “முருகா, ரெண்டு உசுரும் நல்லபடியா வீடு வந்து சேரணும்” என்று கும்பிட்டாள்.

யாசினின் அம்மா பேகம்பூரிலிருந்து ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டிருந்தார். “தண்ணி குடுக்குற எடம்டா. நம்ம பங்கும் இருக்கட்டும்.” ரூபியக்கா சொன்னது அவனுக்கு நினைவிருந்தது. ஆனால் பொட்டலத்தோடு திரும்பிப் போய் அம்மாவின் முகத்தைப் பார்ப்பதை நினைத்தான். பொட்டலம் டிரம்முக்குள் போனது.

பொன்ராஜ் தன் முட்டிவலிக்காக அந்தோணியாரிடம் வேண்டிக்கொண்டு ஒரு கருப்பட்டியைப் போட்டார். வயது கூடியவர் என்பதால் இன்னொன்றையும் போட்டார்.

அறிவுச்செல்வியும் போட்டாள். ‘செவரு நிக்கணும்’ என்பதைத் தவிர அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை. ஒரு சிறு கட்டிதானே என்று நினைத்தாள். எல்லோரும் அதையேதான் நினைத்தார்கள்.

கடைசியாக, மாணவர்கள் கல்லூரிக்குப் போயிருந்த ஒரு நாளில், வேலை எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க ஒச்சாயி வந்தார். அங்கே யாரும் இல்லை. அவருடைய மகன் துபாயில் வேலை பார்க்கிறான். மூன்று பொங்கலாக ஊருக்கு வரவில்லை. தலைவரம்மா ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து, வீட்டுக்கென்று வாங்கியிருந்த மண்டைவெல்லத்தை எடுத்தார். முழு உருண்டை. டிரம்மில் அது ‘களுக்’ என்று விழுந்த சத்தத்தைக் கேட்டு அவரே ஒரு தரம் சுற்றும் முற்றும் பார்த்தார்.

மார்கழியில் சுவர் எழும்பியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. எறும்புகள்தான் முதலில் கண்டுபிடித்தன. மண்டபத்தின் முற்றத்திலிருந்து சுவரின் உச்சிவரை கட்டெறும்புச் சாரை. அடுத்து ஆடுகள் வந்தன. அங்கம்மாளின் வெள்ளாடு சுவரை நக்கிக்கொண்டே கண்ணை மூடி நிற்பதை யாசின் போட்டோ எடுத்து, ‘எங்கள் தள ஆய்வாளர்’ என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வந்த ரூபி சிரிக்கவில்லை. கட்டைவிரலால் கற்களின் இணைப்பில் அழுத்தினார். விரல் உள்ளே போனது.

“இத்தனை நாளைக்கு இது நகம் பாயாம இருக்கணும். அல்வா மாதிரி இருக்கு. யாரு வெல்லம் கூடப் போட்டது?”

அந்த நேரம் பார்த்து ஒச்சாயியும் வந்து நின்றார். ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

“நான்தான்க்கா” என்றாள் அறிவுச்செல்வி. “நான்தான் போட்டேன்.”

ஒச்சாயியின் முகம் சிவந்தது. அது ஏன் சிவந்தது என்று அங்கே யாருக்கும் தெரியாது. தன் தவறு இன்னொருத்தர் பெயரில் வெளிவரும்போது, பாதிப் பேருக்கு அழுகை வரும். மீதிப் பேருக்குக் கோபம் வரும். தலைவரம்மாவுக்குக் கோபம்தான் வந்தது.

“ஒரு வெல்லக்கட்டிய அளவாப் போடத் தெரியல, நீ ஊருக்குச் செவரு கட்டப் போறியா? படிச்ச புள்ளன்னு நம்பி விட்டேன் பாரு, எனக்கு வேணும். வாய்தா பூசம்தான். அதுக்கு மேல ஒருநாள் கெடையாது. மொதக் கல்ல எடுக்குறேன்னு சொன்னது ஞாபகம் இருக்குல்ல?”

திட்டும்போது அவர் அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்க்கவில்லை. அறிவுச்செல்வி, “இருக்கு தலைவரம்மா” என்று மட்டும் சொன்னாள். அவள் கண்ணில் நீர் நிறைந்து கன்னத்தில் இறங்கியது. ஸ்கூட்டர் போய்விட்டது.

சுவரை மறுபடி பிரித்தார்கள். பிசுபிசுத்த கற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினார்கள். கடைசியில் யாசின் கையிலிருந்த தேங்காய்நாரைக் கீழே போட்டான்.

“அறிவு, நீ பண்ணாத தப்ப எதுக்கு ஏத்துக்கிட்ட? போட்டது நான். எங்கம்மா குடுத்துவிட்டது.”

அவள் நிமிர்ந்தாள். “நீயா? நான் போட்டதத்தான்டா நான் சொன்னேன்.”

பக்கத்துக் கல்லில் குனிந்திருந்த பொன்ராஜ் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “அடப்பாவிகளா, அது என் கருப்பட்டிடா! எனக்காகத்தான் இந்தப் புள்ள திட்டு வாங்குச்சுன்னு காலையில இருந்து செபம் பண்ணிக்கிட்டிருக்கேன்!”

அங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

“ஆத்தா, நீங்களுமா?” என்றாள் அறிவுச்செல்வி.

“ஒண்ணே ஒண்ணுத்தான்டி, சின்னது” என்றாள் அங்கம்மாள்.

அவ்வளவுதான். யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ரூபியே கொத்துக்கரண்டியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். “நான் ஊறப்போட்டது கடுக்காய்த் தண்ணி. நீங்க எல்லாம் சேர்ந்து பானகம் கரைச்சிருக்கீங்க. ஆனாலும் நீங்க நாலு பேரு போட்டதுக்கு இம்புட்டு இளகாதே. இன்னும் யாரோ இருக்காங்க.”

“யாரா இருந்தா என்னக்கா?” என்றாள் அறிவுச்செல்வி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “கெட்ட எண்ணத்துல யாரும் வெல்லம் போட மாட்டாங்க.”

யாரும் கவனிக்காமல் ஒச்சாயியின் ஸ்கூட்டர் கொஞ்சம் முன்பே பாதையில் வந்து நின்றிருந்தது. காலைத் தரையில் ஊன்றியபடி அவர் எல்லாவற்றையும் கேட்டார். ‘நானுந்தான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் சிரிப்பில் அவருக்கும் ஒரு பங்கு கிடைத்திருக்கும். ஊருக்கு முன்னால் திட்டிய வாய் ஊருக்கு முன்னால் திறக்க மாட்டேன் என்றது. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

புது டிரம்முக்கு யாசின் பேகம்பூரிலிருந்து ஒரு பூட்டு கொண்டுவந்தான். கை அகலம் இருந்தது. சாவியை ரூபி கழுத்துச் செயினில் மாட்டிக்கொண்டார். “கதவு இல்லாத வீட்டுக்குப் பூட்டுப் போட்ட டிரம்மு. வரலாறு நம்மள மன்னிக்காது” என்றான் யாசின். ஊர் அதற்குள் பெயர் வைத்துவிட்டது: பானகச் செவரு.

பொங்கலுக்கு முன்பே சுவர் இரண்டாம் முறை எழுந்தது. இந்த முறை எறும்புகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் வேலை முடியவில்லை என்றார் ரூபி. சுண்ணாம்புச் சுவர் பச்சைப்பிள்ளை மாதிரி. ஈரச்சாக்கு போர்த்தி, காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும் தண்ணீர் காட்ட வேண்டும். “மத்தியானம்தான் முக்கியம். வெயில்லயும் காத்துலயும் ஒருநாள் காஞ்சாலும் வெடிச்சிரும். வெடிச்சா நானே இடிக்கச் சொல்லிருவேன்.”

காலையில் அறிவுச்செல்வி கல்லூரிக்குப் போகும் முன் ஊற்றுவாள். மாலையில் யாசினும் மற்றவர்களும் பேருந்தேறி வருவார்கள். நண்பகல் அங்கம்மாளுக்கு. “நீங்க போயிப் பரீச்சைய எழுதுங்க. வெஞ்சனம் அடுப்புல இருக்கும்போதே ரெண்டு கொடம் ஊத்திருவேன்” என்றாள் அவள்.

உள்தேர்வு தொடங்கிய அன்று, அறிவுச்செல்வி தேர்வறை வாசலில் நின்றபோது போன் வந்தது. அங்கம்மாள் மூச்சுவாங்கினாள். “மருமகளுக்கு வலி கண்டிருச்சுத்தா. திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். செவத்துக்கு என்ன செய்யிறது?”

பொன்ராஜுக்குப் போன் செய்தாள். அவர் முட்டி வீங்கிக் கட்டிலோடு இருந்தார். யாசின் பக்கத்து அறையில் ஏற்கெனவே வினாத்தாளை வாங்கிவிட்டான். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எழுதாமல் ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நின்றாள். முத்துக்கிருஷ்ணன் வந்து, “உள்ள போம்மா. உன்னால முடிஞ்சத செஞ்சாச்சு. மிச்சத்தக் கடவுள் பாத்துக்குவார்” என்றார். அவள் போய் எழுதினாள். என்ன எழுதினாள் என்று அவளுக்கே தெரியாது.

முடிந்ததும் பேருந்தைப் பிடித்து, நிறுத்தத்தில் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். மண்டபத்துக்குள் நுழைந்து சாக்கைத் தொட்டாள். ஈரம். சாக்கின் கீழ்நுனியில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சுவர் மேலிருந்து கீழ்வரை குளிர்ந்திருந்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. குழுவில் கேட்டாள்: யாரு மத்தியானத் தண்ணி ஊத்துறது? ஆளாளுக்கு “நான் இல்ல” என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அங்கம்மாள், பேத்தி பிறந்த செய்தியோடு சேர்த்து, “எல்லாம் அந்த முருகன்தான்” என்றாள். “சம்மனசு, தேவதூதன்தான்” என்றார் பொன்ராஜ். “அதத்தான் மலக்குன்னு எங்கம்மா சொல்றாங்க” என்றான் யாசின், “யாரா இருந்தாலும் சரி, ஞாயித்துக்கிழமை லீவு வேணுமான்னு கேட்டுச் சொல்லுங்க.”

பூசத்துக்கு முதல்நாள் ரூபி ஓர் ஆணியை எடுத்து இணைப்பில் அழுத்திக் கீறினார். கீறல் விழவில்லை. பச்சை உடுத்திய பழனி பக்தர்களின் முதல் கூட்டம் அரோகரா சொல்லிக்கொண்டு வளைவில் தெரிந்தபோது, தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. கால் வெடித்த ஒரு முதியவர் மண்டபத்துக்குள் போய்ப் பின்சுவரில் முதுகைச் சாய்த்தார். அறிவுச்செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சுவர் தாங்கியது. அவர் கண்ணை மூடி, “அப்பாடா, முருகா” என்றார். யாசின் குனிந்து, “தண்ணி குடிங்கய்யா” என்று சொம்பை நீட்டினான். அப்பாவின் தோளிலிருந்து இறங்கிய ஹரிணி தூணுக்குத் தூண் ஓடிக்கொண்டிருந்தாள்.

ஒச்சாயி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். “நிக்குது” என்றார். “ஜேசிபிக்கு வேணாம்னு சொல்லிட்டேன்.” பிறகு அறிவுச்செல்வியைப் பார்த்து எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அன்னதானப் பந்தலிலிருந்து யாரோ “தலைவரம்மா, சாம்பார் தீந்துருச்சு!” என்று கத்தினார்கள். அவர் போய்விட்டார்.

பூசம் முடிந்து கூட்டம் வடிந்தது. மாணவர்கள் பாடங்களுக்குத் திரும்பினார்கள். மாசி பிறக்கும்வரை மத்தியானத் தண்ணீரை நிறுத்த வேண்டாம் என்று ரூபி சொல்லியிருந்தார். சுவர்தான் ஜெயித்துவிட்டதே என்று ஊர் அதை மறந்துபோயிருந்தது.

தையின் கடைசி நாள், உச்சிப்பொழுது. அங்கம்மாள் பேத்தியைப் பார்க்கத் திண்டுக்கல் போயிருந்தாள். பாதையில் ஒரு நாய்கூட இல்லை. ஒச்சாயி அன்றும் வழக்கம்போல ஸ்கூட்டரைத் தொலைவில் ஊருணிக் கரையிலேயே நிறுத்திவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இடுப்பில் குடத்தோடு நடந்து வந்தார். திட்டிய அன்றைக்கு மறுநாள் அறிவுச்செல்வியின் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தவர் அவர். சொல்ல வாய் வராதவர்களுக்கும் சாமி கை கொடுத்திருக்கிறது.

முதல் குடத்தை மேலிருந்து மெதுவாக, ஒரு இடம் விடாமல் ஊற்றினார். சுவர் சத்தமில்லாமல் குடித்தது. மறுபடி போய் மறுபடி வந்தார். கடைசிக் குடம் காலியானதும் சாக்குகளை இழுத்துச் சரியாகப் போர்த்தி, ஒரு ஓரம் விலகியிருந்ததைக் கல்வைத்து அழுத்தினார். முந்தானையைப் பிழிந்துகொண்டு, குடத்தைக் கவிழ்த்துப் பிடித்தபடி, வெயிலில் இறங்கி நடந்தார்.